காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும்: ரெண்டுக்கும் ஒரே பொறி, ஒரே மருந்து போதுமா?

கடைமடை தோப்பு (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். பேராவூரணிப் பக்கம் ரெண்டு ஏக்கர் தென்னை. 25 அடிக்கு ஒண்ணு, ஏக்கருக்கு 70 மரம் கணக்கு. ஒரு ஏக்கர் காய்க்கிற மரம், பத்துப் பன்னெண்டு வருசம் ஆனது. இன்னொரு ஏக்கர் மூணு வருசத்துத் தென்னம்பிள்ளைங்க.

இப்ப நடக்குறது இதுதான். பிள்ளைங்கள்ல விரியுற மட்டையெல்லாம் ரெண்டு பக்கமும் முக்கோணமா கத்தரிச்சு வருது. சிலதுல குருத்தே கோணிக்கிட்டு நிக்குது. காய்க்கிற மரத்துல ஒண்ணுல தண்டுலேர்ந்து பழுப்பு நிறத்துல ஒழுகி, காய்ஞ்சு கறையா இருக்கு. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாடி எருக்குழியைக் கிளறினா வெள்ளைப் புழு, கட்டைவிரல் தண்டி, அரைவட்டமா சுருண்டு கிடக்கு.

மருந்துக் கடையில கேட்டா, "எல்லாம் ஒரே வண்டுதான், குழியில புழுவா இருந்து மரத்துல ஏறி தண்டைத் துளைக்கும், ஒரு பொறி மாட்டினா எல்லாம் விழுந்துடும்"னு சொல்றாங்க. பக்கத்துத் தோப்புக்காரர் காண்டாமிருக வண்டு வேற, கூன்வண்டு வேறன்னு சொல்றார். எது சரி? எருக்குழிப் புழு மரத்துல ஏறுமா? எதை முதல்ல செய்யணும்? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

வண்டுநோக்கி

பக்கத்துத் தோப்புக்காரர் சொல்றதுதான் சரி. எருக்குழிப் புழு மரத்துல ஏறாது. அது உயிருள்ள தென்னையைத் தொடுறதே இல்லை. ரெண்டு வண்டோட வாழ்க்கையும் தனித்தனியா மனசுல பதிஞ்சாத்தான் எந்த வேலையை எங்கே செய்யணும்னு புரியும். அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

காண்டாமிருக வண்டு, ஒரிக்டஸ் ரைனோசெரஸ். சாணி வண்டு, பூ வண்டு எல்லாம் அடங்கின ஸ்காரபேயிடே குடும்பம். கருப்பா, இல்லேன்னா கருஞ்சிவப்பா, தடிச்ச உடம்பு, ஒன்றரையிலேர்ந்து ரெண்டு அங்குலம். தலையில கொம்பு. ஆணுக்குக் கொம்பு நீளம், பெண்ணுக்குக் குட்டை. கொம்பை வெச்சு மட்டும் ஆண் பெண் பிரிக்கப் போனா ஏமாறலாம். புரட்டிப் போட்டு வயித்து நுனியைப் பாருங்க, அங்கே செம்பட்டை மயிர் அடர்த்தியா இருந்தா பெண்.

இது முட்டையிடுறது மக்குற பொருள்ல. எருக்குழி, குப்பைமேடு, தென்னை நார்க்கழிவுக் குவியல், மரத்தூள், செத்து அழுகுற தென்னந்தண்டு. முட்டை 8 முதல் 18 நாள், புழு 99 முதல் 182 நாள், கூட்டுப்புழு 10 முதல் 25 நாள். புழுவா இருக்கிற அத்தனை நாளும் அது மக்கைத் தின்னுக்கிட்டு அங்கேயே கிடக்கும். வண்டா வெளியே வந்த பிறகுதான் தென்னைக்கு எதிரி. ராத்திரியில பறந்து வந்து கொண்டையில மட்டை இடுக்கு வழியா இறங்கி, விரியாத குருத்தைக் குடையும். சாறைக் குடிச்சுட்டு நாரை மென்னு பின்னாடி தள்ளிடும். துளை வாசல்ல துருத்திக்கிட்டு இருக்கிற ஈரமான நார்ச்சக்கைதான் உள்ளே இப்ப வண்டு இருக்குன்னு சொல்ற அடையாளம்.

முக்கோண வெட்டு அப்படி இல்லை. மடிஞ்சு கிடக்குற குருத்தை ஒரு இடத்துல குடைஞ்சா, அது விரியும்போது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வெட்டு விழும். தென்னை வருசத்துக்குப் பன்னெண்டு பதினாலு மட்டைதான் விடுது. அப்படின்னா மூணாவது நாலாவது மட்டையில நீங்க பாக்குற வெட்டு சில மாசத்துக்கு முன்னாடி நடந்த கடி. அதைப் பாத்து இன்னைக்கு மருந்து ஊத்துறது வீண் செலவு. கொண்டைக்குள்ளே பச்சையா சக்கை இருக்கான்னு பாத்து முடிவு பண்ணுங்க.

சிவப்புக் கூன்வண்டு, ரிங்கோஃபோரஸ் ஃபெருஜினியஸ். இது குர்குலியோனிடே, நெல்லுல அரிசியில வர்ற மூக்கு வண்டோட வகையறா. செங்காவி நிறம், முதுகுல முன்பக்கம் கருப்புப் புள்ளிகள், முன்னாடி வளைஞ்ச நீள மூக்கு. ஆணுக்கு மூக்கு மேலே தூரிகை மயிர் இருக்கும், பெண்ணுக்கு மூக்கு வழுவழுன்னு இன்னும் மெலிஞ்சு நீளமா இருக்கும்.

இதுக்கு எருக்குழி தேவையே இல்லை. முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் உயிரோட நிக்குற மரத்துக்கு உள்ளேயே. காயம், வெடிப்பு, வெட்டின மட்டையோட பச்சை முனை, எங்கே சாறு வாசம் வருதோ அங்கே மூக்கால குழி தோண்டி முட்டை வைக்கும். மூணு நாலு நாள்ல புழு வந்துடும். அது 36 முதல் 67 நாள் வரைக்கும் தண்டோட மெல்லிய சதையைத் தின்னுக்கிட்டே போகும். அப்புறம் நாரைச் சுத்திக் கூடு கட்டி, உள்ளேயே வண்டாகி, சில நேரம் அதே மரத்துலயே இணை சேர்ந்து அடுத்த தலைமுறையையும் வைக்கும். வெளியே ஒண்ணும் தெரியாது. தெரியும்போது கொண்டை சாயுற நிலைமை. அஞ்சு வருசத்துலேர்ந்து இருபது வருசம் வரைக்குமான மரங்கள்தான் இதுக்குப் பிடிச்ச வயசு.

ஆக, முதல் வண்டு வெளியிலே வளர்ந்து மரத்துக்குச் சாப்பிட வருது. ரெண்டாவது மரத்துக்குள்ளேயே பிறந்து வளருது. முதலாவதுல சேதம் பண்றது வண்டு, ரெண்டாவதுல சேதம் பண்றது புழு. காண்டாமிருக வண்டு மட்டுமே வளர்ந்த மரத்தைக் கொல்றது அபூர்வம். ஆனா அது போட்ட துளைதான் கூன்வண்டுக்குத் திறந்துவிட்ட கதவு. உங்க தோப்புல பிள்ளைங்க இப்ப மூணு வருசம். இன்னும் ரெண்டு வருசத்துல கூன்வண்டுக்குப் பிடிச்ச வயசுக்கு வந்துடும். அதுக்குள்ளே முதல் வண்டை அடக்கலேன்னா ரெண்டாவது வந்தே தீரும். இதுதான் நீங்க கவலைப்பட வேண்டிய இடம்.

ஒரத்தநாடு எரு

எருக்குழி பத்தி நான் சொல்றேன், ஏன்னா டெல்டாவுல எல்லாரும் கோட்டை விடுறது இங்கதான். சாணியை ஆடி மாசத்துலேர்ந்து சேத்து வெச்சு, அடுத்த குறுவைக்கு உழவு ஓட்டும்போதுதான் வண்டியில ஏத்துறோம். அது பத்து மாசம். மேலே சொன்ன நாள் கணக்கைக் கூட்டிப் பாருங்க, எவ்வளவு வேகமா வளர்ந்தாலும் முட்டையிலேர்ந்து வண்டாக நாலு மாசம் கிட்ட ஆகுது. பத்து மாசம் தொடாத குழியில ரெண்டு தலைமுறை ஏறிப் பறந்துடும். அதுக்குப் பதிலா ரெண்டு ரெண்டரை மாசத்துக்கு ஒருக்கா குழியை அடிவரைக்கும் கிளறிப் புழுவைப் பொறுக்கிட்டா ஒண்ணுகூட வண்டாக முடியாது. மருந்துச் செலவே இல்லை.

கிளறும்போது மேலே ஒரு அடியோட நிறுத்திடாதீங்க. முட்டையும் சின்னப் புழுவும் மேலே இருக்கும், ஆனா முத்தின புழு கூடு கட்ட ஒரு அடிக்குக் கீழே, மூணு அடி வரைக்கும் இறங்கும். குழிக்கு அடியில இருக்கிற மண்ணையும் கொத்திப் பாக்கணும். மண்ணுல உள்பக்கம் வழவழப்பா முட்டை வடிவத்துல குகை இருந்தா அதுதான் கூடு. பொறுக்கினதைக் கோழிக்குப் போடுங்க, ஒண்ணும் மிச்சம் வைக்காது.

இதோட மெட்டாரைசியம், புழுவைப் பிடிச்சுக் கொல்ற பூஞ்சாணம். 250 மில்லி திரவ வளர்ப்பை 750 மில்லி தண்ணியில கலந்து குழியில தெளிக்கணும். அளவுக் கணக்கு ஒரு கன மீட்டர் குப்பைக்கு 5 × 10¹¹ வித்துகள். வாளியில கலந்து மேலே தெளிச்சுட்டுப் போனா பாதி வீண். குழியை அடுக்கடுக்கா புரட்டி, ஒவ்வொரு அடுக்கிலயும் படுற மாதிரி தெளிக்கணும். சாயங்காலம் தெளிங்க. குப்பை ஈரமா, நிழலா இருக்கணும். சித்திரை வெயில்ல காய்ஞ்சு பொடியாக் கிடக்குற குழியில தெளிச்சா பூஞ்சாணம் பிடிக்காது, அப்புறம் "அது வேலை செய்யலை"ன்னு சொல்லுவாங்க. பிடிச்சிருந்தா புழு விறைச்சு, முதல்ல வெள்ளையா பூத்து, பிறகு பச்சைப் பொடி படிஞ்சு கிடக்கும். அந்தப் புழுவை எடுத்து எறியாதீங்க, குழியிலேயே விடுங்க. அதுலேர்ந்து மத்ததுக்குப் பரவும். அந்தக் குழியில தாமிர மருந்தோ வேற பூஞ்சாணக்கொல்லியோ ஊத்தக்கூடாது. வாங்கும்போது தயாரிப்புத் தேதி பாருங்க. உயிருள்ள பொருள், வெயில் படுற அலமாரியில கிடந்தது ஆகாது. வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கம்தான், அங்கே கேட்டுப் பாருங்க.

குழி மட்டும் இல்லை. தோப்புல பட்டுப்போய் நிக்குற மொட்டை மரம், வெட்டின அடிக்கட்டை, வாய்க்கால் மேலே பாலமாப் போட்ட தென்னந்தண்டு, இது மூணையும் பாருங்க. வாய்க்கால் பாலத்துல மேல்பக்கம் கெட்டியா இருக்கும், ஈரத்துல இருக்கிற அடிப்பக்கம் சோறாப் போயிருக்கும். கம்பியால குத்தினா புழு வரும். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்கு அப்புறம் நம்ம பக்கம் அகற்றாம விட்ட மரம் அத்தனையும் இந்த வண்டுக்குத் தொட்டிலாத்தான் இருந்துச்சு.

கடைமடை தோப்பு

ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். சொன்னபடி குழியைக் கிளறிப் பாத்தேன். ரெண்டு விசயம் கேக்கணும்.

ஒண்ணு, புழுவைத் தரையில விட்டா சிலது பக்கவாட்டுல சுருண்டு கிடக்கு. சிலது மல்லாந்து முதுகாலேயே நகர்ந்து போகுது, காலு மேலே பாத்து ஆடுது. ரெண்டும் ஒண்ணுதானா?

ரெண்டு, ஒழுகுற மரத்துல கறை தரையிலேர்ந்து முழங்கால் உயரத்துல இருக்கு. துளை எதுவும் கண்ணுக்குத் தெரியலை. அடிமட்டை ரெண்டு மூணு தொங்குது. நடுக்குருத்து பச்சையாத்தான் இருக்கு. கூன்வண்டு மருந்து ஊத்திடலாமா?

வண்டுநோக்கி

ஊத்தாதீங்க, இருங்க.

முதல்ல புழு. மல்லாந்து முதுகால நகர்றது காண்டாமிருக வண்டு இல்லை. அது பூ வண்டோட புழு. அதே ஸ்காரபேயிடே குடும்பம்தான், ஆனா துணைக்குடும்பம் வேற. மக்கைப் பொடியாக்கித் தர்றது அதோட வேலை, தென்னைக்கு ஒரு தொந்தரவும் இல்லை. உடம்புக்குத் தலை சின்னதா, காலு குட்டையா இருக்கும். காண்டாமிருக வண்டுப் புழுவுக்குத் தலை பெருசு, பழுப்பு நிறம், தலை மேலே நுணுக்கமா குழிகுழியா இருக்கும். தரையில விட்டா பக்கவாட்டுல கிடந்து நெளியும், முதுகால ஓடாது. முத்தினது மூணு அங்குலத்துக்கு மேலே வளரும். பொறுக்கும்போது ஒரு தட்டுல கொட்டி ஒரு நிமிசம் விட்டுப் பாருங்க. மல்லாந்து ஓடுறதைக் குழியிலேயே திருப்பி விட்டுடுங்க.

கூன்வண்டுப் புழுவை இந்தக் குழியில தேடவே வேண்டாம். அதை மரத்தைப் பிளந்தாத்தான் பாக்க முடியும். அதுக்குக் காலே கிடையாது. நடு உடம்பு பருத்து ரெண்டு முனையும் ஒடுங்கி, மஞ்சள் கலந்த வெள்ளை, தலை செம்பழுப்பு. எருக்குழிப் புழுவுக்கு மூணு ஜோடி கால் தெளிவாத் தெரியும். இந்த ஒரு அடையாளம் போதும், சந்தேகமே வராது.

இப்ப ஒழுகுற மரம். நீங்க சொன்ன மூணு அடையாளமும் கூன்வண்டுக்குப் பொருந்தலை. கூன்வண்டா இருந்தா துளை இருக்கும், துளையில மென்ன நார் வெளியே தள்ளியிருக்கும், ஒழுகலுக்குப் புளிச்ச கள்ளு வாசம் அடிக்கும். மஞ்சளாகுறது நடு மட்டைங்க, அடிமட்டை இல்லை. மட்டையோட அடிப்பக்கம் நீளவாக்குல வெடிக்கும். தண்டுல காதை ஒட்டி வெச்சா சில நேரம் புழு கரகரன்னு மெல்லுற சத்தம்கூடக் கேக்கும்.

தூர்லேர்ந்து ஒழுகல் மேலே ஏறுது, அடிமட்டை முதல்ல தொங்குது, குருத்து கடைசி வரை பச்சை. இது கேனோடெர்மா பூஞ்சாணத்தால வர்ற அடித்தண்டழுகல். நம்ம ஜில்லா பேருலேயே தஞ்சாவூர் வாடல்னு சொல்ற நோய். 1952 புயலுக்குப் பிறகு இங்கேதான் பெருசா கவனத்துக்கு வந்துச்சு. மழைக்காலத்துல தூர்ல காளான் தட்டுத்தட்டா முளைச்சா உறுதி. பூச்சி மருந்து இதுக்கு ஒரு துளியும் உதவாது. மரத்துக்கு வருசம் 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு, மரத்தைச் சுத்தி ரெண்டு மீட்டர் வட்டத்துல 1 சதவீத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) 40 லிட்டர் மண்ணு நனைய ஊத்துங்க. முக்கியமா அந்த மரத்துப் பாத்தித் தண்ணி அடுத்த மரத்துக்குப் பாயக்கூடாது. டெல்டாவுல வாய்க்கால் தண்ணியை ஒரு பாத்தியிலேர்ந்து அடுத்த பாத்திக்கு உடைச்சு விடுற பழக்கம் இந்த நோயைத் தோப்பு முழுக்க நடத்திக் கூட்டிட்டுப் போகும். அந்த மரத்துக்குத் தனிப் பாத்தி கட்டிடுங்க.

புதுஆற்றுக்கரை

பொறி பத்திக் கேட்டீங்க, யாரும் சொல்லலை. ரெண்டுக்கும் ஒரே பொறி ஆகாது. வாசனையே வேற வேற. காண்டாமிருக வண்டுக்கு எத்தில் 4-மெத்தில் ஆக்டனோயேட், கூன்வண்டுக்கு ஃபெருஜினியால். ரெண்டுமே ஆண் வண்டு விடுற கூட்டம் கூட்டுற வாசனை, அதனால ஆணும் பெண்ணும் ரெண்டும் வரும்.

வாசனையை விட முக்கியம், வண்டு எப்படி உள்ளே வருதுங்கிறது. காண்டாமிருக வண்டு கனமான உடம்பு, பறந்து வந்து மோதும், மோதி விழும். அதனால வாளிக்கு மேலே குறுக்கும் நெடுக்குமா ரெண்டு தகடு நிக்கணும், நடுவுல வாசனைப் பொட்டலம், கீழே ஆழமான வாளி. உள்பக்கம் வழவழன்னு இருக்கணும், இல்லேன்னா ஏறி வந்துடும். அடியில தண்ணி தேங்காம நாலு சின்னத் துளை. ஆள் உயரத்துக்கு மேலே மாட்டுங்க.

கூன்வண்டு மோதாது. வாளிக்குப் பக்கத்துல இறங்கி, நடந்து, ஏறி உள்ளே போகும். அதனால வாளியோட வெளிப்பக்கம் சொரசொரப்பா இருக்கணும். சாக்குத் துணியைச் சுத்தி ஒட்டினா போதும். மேல் விளிம்புக்குக் கீழே நாலு பக்கமும் ஜன்னல் வெட்டணும். உயரம் இடுப்பளவு போதும். உள்ளே வெறும் வாசனை மட்டும் இருந்தா பக்கத்துல வந்துட்டுத் திரும்பிடும். தின்னுற வாசமும் வேணும். ஒரு லிட்டருக்குக் குறையாம தண்ணி, அதுல கால் கிலோ அன்னாசித் தோலோ நறுக்கின கரும்போ, ஒரு கை வெல்லம், ஒரு சிட்டிகை ஈஸ்ட். ஏழெட்டு நாளைக்கு ஒருக்கா மாத்துங்க. பொறி தோத்துப் போறதுக்கு முதல் காரணம் தண்ணி வத்திப்போறதுதான். வாசனைப் பொட்டலம் மாசக்கணக்குல இருக்கும், தீனி ஒரு வாரம்தான் தாங்கும்.

எங்கே மாட்டுறதுங்கிறதுல ரொம்பக் கவனம். பிள்ளைங்க நிக்குற ஏக்கருக்கு நடுவுல மாட்டவே கூடாது, தென்னை மரத்துலயும் கட்டக்கூடாது. வர்ற வண்டெல்லாம் பொறியில விழாது. விழாதது பக்கத்துல இருக்கிற மரத்துல இறங்கும். வரப்போரமா, வேலியில, கம்பு நட்டு மாட்டுங்க. ரெண்டு ஹெக்டேருக்கு ஒண்ணுங்கிறது சிபாரிசு, அதாவது அஞ்சு ஏக்கருக்கு ஒண்ணு. உங்க ரெண்டு ஏக்கருக்கு வகைக்கு ஒண்ணு தாராளம். நாலஞ்சு தோப்புக்காரங்க சேர்ந்து சுத்துவட்டமா மாட்டினா ஒருத்தர் மட்டும் மாட்டுறதை விட எவ்வளவோ மேல். தனியா மாட்டினா அக்கம்பக்கத்து வண்டையும் நீங்களே இழுத்துக்குறீங்க.

காசு போட முடியலேன்னா காண்டாமிருக வண்டுக்கு ஆமணக்குப் புண்ணாக்கு. ஒரு கிலோவை அஞ்சு லிட்டர் தண்ணியில ஊற வெச்சு மண்பானையில ஊத்தி அங்கங்கே புதைச்சு வைங்க, வாய் தரை மட்டத்துல இருக்கணும். புளிச்ச வாசத்துக்கு வண்டு வந்து விழும். விழுந்ததைத் தினம் எடுத்துடணும்.

ஒரத்தநாடு எரு

கோடை மழை விழுந்ததும் விளக்குப் பொறியும் வைக்கலாமே. மழை ஈரத்துல மொத்தமா வண்டு கிளம்பும்.

புதுஆற்றுக்கரை

வைக்கலாம், முதல் மழைக்கு அடுத்த நாட்கள்ல மட்டும். வருசம் முழுக்க எரிய விட்டா தேவையில்லாத பூச்சி, நல்ல பூச்சி எல்லாம் சாகும். அதோட கூன்வண்டுக்கு விளக்கை நம்பிப் பிரயோஜனம் இல்லை, அது பகல்ல நடமாடுறது.

மரமேறி கணக்கு

கொண்டை வேலை பத்தி நான் சேத்துக்குறேன். பிள்ளைங்கதான் இப்ப அவசரம்.

காய்க்கிற மரத்துக்கு வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, நைசான ஆற்று மணல் ரெண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம், நடுவுல இருக்கிற மூணு மட்டையோட அடி இடுக்குல. மூணு மாசத்துக்கு ஒருக்கா. 70 மரத்துக்குப் பத்தரை கிலோ கலவை, அதாவது தூள் மூணரைக் கிலோ, மணல் ஏழு கிலோ. தேங்காய் வெட்ட ஆள் ஏறும்போதே இதையும் ஒரு பையில கொடுத்தனுப்பினா தனிக் கூலி இல்லை. மணல் ஈரமா இருந்தா கட்டி பிடிச்சு இடுக்குல இறங்காது, காய வெச்சுக் கலங்க. ஐப்பசி கார்த்திகை அடைமழையில கழுவிப் போயிடும், அதனால மழை விட்டதும் ஒரு தடவை கட்டாயம் போடணும்.

பிள்ளைக்குப் பாச்சை உருண்டை. மூணரைக் கிராம் உருண்டை மூணு, நடு மூணு மட்டை இடுக்குல இடுக்குக்கு ஒண்ணு, மேலே மணல் மூடணும். 45 நாளைக்கு ஒருக்கா. மூடாம விட்டா வெயிலுக்குச் சீக்கிரமே கரைஞ்சு காத்துல போயிடும்.

இன்னொண்ணு, மீன்வலை. மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் பக்கம் கிழிஞ்ச நைலான் வலை மலிவாக் கிடைக்கும். பிள்ளையோட குருத்தையும் உள்மட்டை இடுக்கையும் சுத்தி ரெண்டு மூணு மடிப்பாத் தளர்வாச் சுத்துங்க. வண்டு இறங்கும்போது காலு மாட்டிக்கும், கொம்பும் மாட்டிக்கும், அசைய முடியாது. இறுக்கிக் கட்டினா குருத்து விரிய முடியாம மடங்கும், அதனால புது மட்டை தள்ள ஆரம்பிச்சதும் அவிழ்த்து மேலே ஏத்திக் கட்டணும்.

உள்ளே வண்டு இருந்தா கொக்கிக் கம்பியால குத்தி எடுக்கிறது சரிதான். ஆனா ஆள் அவசரத்துல குருத்தையே கிளறிடுவாங்க. துளை போற சாய்வு பாத்து அதே வழியா மெதுவா விடணும். எடுத்த உடனே அந்தத் துளையில மணலும் வேப்பந்தூளும் நிரப்பி அடைக்காம இறங்கினா, அந்தப் பச்சைக் காயத்து வாசத்துக்குக் கூன்வண்டு வரும். மழைக்காலமா இருந்தா குருத்தழுகலும் சேர்ந்து வரும். எடுக்கிறது பாதி வேலைதான், அடைக்கிறதுதான் மீதி.

வண்டுநோக்கி

மரமேறி கணக்கு சொன்னதோட சேர்த்து, கூன்வண்டுக்குக் கதவை நாமே திறந்து விடுற இடங்கள் சில இருக்கு. பந்தலுக்கும் கூரைக்கும் கீத்து முடையப் பச்சை மட்டையைத் தண்டோட ஒட்ட வெட்டுறது முதலாவது. கூடுமானவரை பச்சை மட்டை வெட்டாதீங்க. வெட்டித்தான் ஆகணும்னா தண்டுலேர்ந்து 120 செ.மீ., நாலு அடி விட்டு வெட்டுங்க. முனையில புழு இறங்கினாலும் அந்த நாலு அடி காய்ஞ்சு போறதுக்குள்ளே தண்டுக்கு வந்து சேராது. கீத்துக்கு வேண்டிய ஓலை பெரும்பாலும் அந்த நாலு அடிக்கு அப்புறம்தான் தொடங்குது, அதனால நஷ்டம் ஒண்ணும் இல்லை. ஏறுறதுக்குத் தண்டுல படி வெட்டுறது, ஆணி அடிச்சுக் கம்பி கட்டுறது, டிராக்டர் கலப்பை தூர்ல உரசுறது, எல்லாம் இதே வகைதான். காயம் பட்டா அன்னைக்கே தார் பூசுங்க, பொந்தா இருந்தா சிமெண்ட் வெச்சு அடைங்க.

உண்மையிலேயே கூன்வண்டு விழுந்த மரம் கிடைச்சா, குருத்து இன்னும் நிமிர்ந்து நின்னா காப்பாத்தலாம். தேங்காய், இளநீர் எல்லாத்தையும் முதல்ல இறக்கிடுங்க. கீழே இருக்கிற துளைகளைக் களிமண்ணால இறுக்கி அடைச்சுட்டு, எல்லாத்துக்கும் மேலே இருக்கிற துளையைக் கீழ்நோக்கிச் சாய்வாக் கொஞ்சம் அகலப்படுத்தி, இமிடாகுளோப்ரிட் 17.8 எஸ்.எல். ஒரு மில்லியை ஒரு லிட்டர் தண்ணியில கலந்து புனல் வெச்சு மெதுவா ஊத்துங்க. ஊத்தினதும் அந்தத் துளையையும் அடைச்சுடணும். கீழே அடைக்காம ஊத்தினா ஒரு பக்கமா வழிஞ்சு வெளியே வந்துடும், புழு இருக்கிற இடத்துக்குப் போகாது. அதுக்கப்புறம் 45 நாள் அந்த மரத்துல எதையும் வெட்டிச் சாப்பிடாதீங்க. புதுசா நார் தள்ளுதான்னு பாத்துக்கிட்டே இருங்க. தள்ளினா உள்ளே இன்னும் உயிர் இருக்கு.

கொண்டை சாய்ஞ்ச மரத்துக்கு எதுவும் ஊத்த வேண்டாம். வெட்டி, தண்டை நீளவாக்குல பிளந்து, புழுவையும் நார்க் கூட்டையும் பொறுக்கி, காய்ஞ்ச மட்டை போட்டு எரிங்க. பச்சைத் தண்டு சும்மா கொளுத்தினா மேலே கருகி உள்ளே ஈரமாவே இருக்கும், அதனால பிளக்காம எரிக்கிறது பலிக்காது. குளத்தங்கரையில தள்ளிவிட்டு வந்தா, உள்ளே இருக்கிற கூன்வண்டு உங்க தோப்புக்கே திரும்பும். தண்டு மக்க ஆரம்பிச்சா அதுலேயே காண்டாமிருக வண்டும் முட்டை வைக்கும். இந்த ரெண்டும் அடுத்தடுத்துக் குடியிருக்கிறது இப்படி வெட்டிப் போட்ட கட்டையிலதான்.

பழைய கையேடுகளைப் பாத்து போரேட் குருணைப் பொட்டலம் குருத்துல வைக்கச் சொன்னா வைக்காதீங்க. இந்தியாவுல 2020 டிசம்பர் 31ஓட தடை. கார்பரில் அதுக்கு முன்னாடி 2018லேயே தடை. வேர்ல மோனோகுரோட்டோபாஸ் கட்டுறதையும் விட்டுடுங்க.

கடைமடை தோப்பு

தெளிவாயிடுச்சுங்க. இந்த வாரம் எருக்குழியைக் கிளறி மெட்டாரைசியம், பிள்ளைங்களுக்குப் பாச்சை உருண்டையும் வலையும். ஒழுகுற மரத்துக்குத் தனிப் பாத்தி, போர்டோ. பொறிக்குப் பக்கத்துத் தோப்புக்காரங்ககிட்ட பேசிட்டுச் சேர்ந்து வாங்குறோம். வாய்க்கால் பாலத்தையும் புரட்டிப் பாக்கச் சொல்லியிருக்கேன். ஒரே ஒரு சந்தேகம்: குழியை முழுசா சிமெண்ட் தொட்டியாக் கட்டிட்டா வண்டு வராதா?

ஒரத்தநாடு எரு

வரும். அது மேலேதான் இறங்குது, சுவரைப் பாத்து வர்றதில்லை. தொட்டி கட்டினா புழு கீழே மண்ணுக்குப் போய்க் கூடு கட்ட முடியாது, பொறுக்குறது சுலபம், அதுவரைக்கும் லாபம். வண்டே இறங்காம இருக்கணும்னா மேலே அதே மீன்வலையை ரெண்டு மடிப்பா விரிச்சு ஓரத்துல செங்கல் வைங்க. சாணி கொட்டும்போது ஒரு மூலையை மட்டும் தூக்கிட்டு, கொட்டின உடனே மூடிடுங்க. வலையில அணில், ஓணான் மாட்டிக்கும், காலையில ஒரு தடவை பாத்து எடுத்து விட்டுடுங்க.